“தலைசிறந்த”, “நிகரற்ற”, “லெஜண்ட்”: பிளேயர் பக்கங்களில் இந்தச் சொற்கள் இல்லாமல் எழுத முடியுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையான்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியிலும் அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வரையிலும் கேம் போட்டிகளில் ஆடுகிறவர்களைப் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் ஒரு விக்கி நடத்துகிறோம். பெரும்பாலும் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), கொஞ்சம் வேலரண்ட் (சுடும் கேம்), டெக்கன் (சண்டை கேம்). ஓணம் வந்தால் எங்கள் பக்கத்துக் கிளப்புகள் வடம்வலியோடு (கயிறு இழுக்கும் போட்டி) இப்போது நான்கு பேர் அணியாக ஆடும் ஸ்க்வாட் டோர்னமென்ட்டும் வைக்கிறார்கள். பொங்கலுக்கு அந்தப் பக்கம் வைக்கிறார்கள். இதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. நாங்கள் எழுதாவிட்டால் ஸ்கோர்ஷீட் கசங்கியதோடு எல்லாம் போய்விடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அப்பாவின் கடையில் நிற்கிற ஓர் இளைஞர் இருக்கிறார். கேமில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது அவர் வேலை. ஸ்னைப்பர். அவருடைய பக்கத்தை நான்தான் தொடங்கினேன். “தென்னிந்தியாவின் தலைசிறந்த ஸ்னைப்பர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். அபாரமான குறி, நிகரற்ற நிதானம். எதிரணிகளுக்குச் சிம்மசொப்பனம்” என்று எழுதியிருந்தேன். எங்கள் குழுவிலேயே ஒருவர் வந்து எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். பெயர், அணி, ரோல் என்று இரண்டு வரிதான் மிச்சம். அப்புறம் பொள்ளாச்சிப் பக்கத்துப் பசங்கள் வந்து “கொங்கு மண்டலத்தின் நம்பர் 1” என்று சேர்த்தார்கள். எங்கள் பக்கத்துப் பசங்கள் அதை “கேரளத்தின் நம்பர் 1” என்று மாற்றினார்கள். மாறி மாறித் திருத்தி, கடைசியில் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். இந்தச் சொற்களை எடுத்துவிட்டால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? பொழுதுபோக்குக்கு ஒரு நாள் வந்து ஆடிவிட்டுப் போனவருக்கும் இவருக்கும் பக்கத்தில் என்ன வித்தியாசம் இருக்கும்?

---

பதில்: செங்கோட்டை வாசகி

தம்பி, அந்தச் சொற்களை எடுத்தது சரி. எடுத்த இடத்தைக் காலியாக விட்டதுதான் தப்பு.

“நிகரற்ற நிதானம்” என்று எழுதினீர்களே, அது சும்மா வந்திருக்காது. ஏதோ ஒரு மேட்ச், ஏதோ ஒரு கடைசி ஸோன் (ஆட்டம் போகப் போகச் சுருங்கிக்கொண்டே வரும் களம்) உங்கள் கண்ணுக்குள் நின்றிருக்கும். அதைப் பார்த்தவர் நீங்கள். பக்கத்தைப் படிக்கப் போகிறவர் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்ததைச் சொல்லாமல், பார்த்து முடித்ததும் உங்களுக்கு வந்த முடிவை மட்டும் அவரிடம் கொடுக்கிறீர்கள். அவர் அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். சரிபார்க்க மட்டும் அவருக்கு வழியே இல்லை.

ஒரு மேட்சைச் சொல்லிக் காட்டுகிறேன். 2004, கலிஃபோர்னியாவில் ஈவோ என்ற சண்டை கேம் போட்டி. கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமெஹாரா கென் என்ற பாத்திரத்தை வைத்து ஆடுகிறார், அமெரிக்காவின் ஜஸ்டின் வாங் சுன்-லீயை வைத்து. கடைசி ரவுண்டில் கென்னின் உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மிச்சம். அந்த கேமில் ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். ஆகவே இனி தடுத்தாலே டைகோ அவுட். வாங் சூப்பர் என்ற பலத்த தாக்குதலை விடுகிறார். அடுத்தடுத்து 15 அடி. டைகோவுக்கு மிச்சமிருந்த ஒரே வழி பேரி. அடி வந்து விழுகிற கணத்தில் ஸ்டிக்கை எதிராளியின் பக்கம் தட்ட வேண்டும், சற்று முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. பதினைந்தையும் பேரி செய்தார். கடைசி அடியைத் துள்ளி எழும்பி காற்றிலேயே பேரி செய்துவிட்டு, இறங்கும்போதே அடிகளைக் கோத்துக் காம்போ போட்டு ரவுண்டை எடுத்தார்.

இதில் நான் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் போடவில்லை. உங்களுக்கு என்ன தோன்றியதோ அது நடந்ததைப் படித்ததால் தோன்றியது.

இன்னொன்று. அது லூசர்ஸ் ஃபைனல், அதாவது ஒருமுறை தோற்றவர்களுக்கான பிரிவின் இறுதி ஆட்டம். அதில் ஜெயித்து கிராண்ட் ஃபைனலுக்குப் போன டைகோ அங்கே தோற்று இரண்டாம் இடம்தான் வாங்கினார். “உலகின் தலைசிறந்த” என்று ஆரம்பிக்கிற பக்கத்தில் இந்த வரியை எழுதக் கை வராது. இந்தச் சொற்களிடம் எனக்கு இருக்கிற பெரிய கோபமே இதுதான். அவை வந்து உட்கார்ந்ததும் தோல்விகள் பக்கத்தைவிட்டு வெளியேறிவிடும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடும் ஃபேக்கரைப் பாருங்கள். உலகச் சாம்பியன் பட்டம் 2013, 2015, 2016, 2023, 2024, 2025. ஆறு பட்டம். நடுவில் 2017 இறுதியில் சாம்சங் கேலக்ஸியிடம் 0-3, 2022 இறுதியில் டிஆர்எக்ஸிடம் 2-3. அந்த இரண்டு தோல்வியையும் சேர்த்து எழுதினால்தான் 2016க்கும் 2023க்கும் நடுவே அவர் என்ன சுமந்திருப்பார் என்று படிக்கிறவருக்குப் புரியும். “எக்காலத்துக்கும் மிகச்சிறந்தவர்” என்ற ஒரு வரி இதில் எதையுமே சொல்லவில்லை.

மிகைச்சொல் எல்லாமே தடை என்று நினைக்க வேண்டாம். எண்ணிப் பார்க்க முடிந்தால் போடலாம், ஆனால் எல்லையோடு போட வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக் கேமில் நாவி அணி 2021 ஸ்டாக்ஹோம் மேஜர் என்ற பெரிய போட்டியை ஒரு மேப்கூட (ஒரு களத்தில் நடக்கும் ஆட்டம்) தோற்காமல் வென்றது, அப்படி வென்ற முதல் அணி அதுதான். இது தாராளமாகப் போகலாம். செஸ்ஸில் நம்ம குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்றபோது 18 வயது. “மிக இளைய உலகச் சாம்பியன்” என்று எல்லோரும் எழுதினார்கள். கவனமாக எழுதியவர்கள் “எதிராக இன்னொரு சாம்பியன் இல்லாத உலகச் சாம்பியன்களில் மிக இளையவர்” என்று எழுதினார்கள். ஏனென்றால் 1993 முதல் 2006 வரை அந்தப் பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 2002ல் ஃபிடே (சர்வதேசச் செஸ் கூட்டமைப்பு) பட்டத்தை வென்றபோது பொனமரியோவுக்கு இருந்த வயது, குகேஷ் வென்றபோது இருந்த வயதைவிடச் சில மாதம் குறைவு. அந்த அடைமொழி குகேஷைக் குறைக்கவில்லை. யார் வந்து தோண்டினாலும் அந்த வரி நிற்கும்.

உங்கள் “தென்னிந்தியா”வுக்கு வருகிறேன். தென்னிந்தியா முழுக்க ஸ்னைப்பர்களை வைத்து யாராவது எண்ணினார்களா? இல்லையென்றால் அந்த வரி நிற்காது. கொங்கா கேரளமா என்ற சண்டையும் அதே கதைதான். எங்கள் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். எல்லையோரத்து ஆள் யாருக்குச் சொந்தம் என்று விக்கியில் தீர்ப்பு எழுத முடியாது. எந்த ஊரில் இருக்கிறார், எந்த ஊர் அணிக்கு ஆடுகிறார், எந்தப் போட்டியில் எத்தனையாவது வந்தார் என்று எழுதுங்கள். “நம்பர் 1” போனால் “எதன் நம்பர் 1” என்ற சண்டையும் போய்விடும்.

---

பதில்: கம்பம்மெட்டுக்காரன்

அக்கா சொல்வது பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சரி. ஃபேக்கருக்கு ஆறு பட்டம் இருக்கிறது, எழுதினால் போதும். எங்கள் ஊர்ப் பையனுக்கு என்ன இருக்கிறது? ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், நெட்வொர்க் வருகிற மேட்டில் போய் உட்கார்ந்து ஆடுகிறவன். மாவட்ட அளவில்கூடப் பட்டம் இல்லை. அவனை நாங்கள் புகழாமல் வேறு யார் புகழ்வார்கள்? இது ரசிகர்கள் சேர்ந்து நடத்துகிற விக்கி. கலைக்களஞ்சியம் மாதிரி காய்ந்து கிடக்க வேண்டுமா? கொஞ்சம் பாசத்தோடு எழுதினால் என்ன குறைந்துவிடும்?

---

பதில்: வாளையார் ஐஜிஎல்

நான் ஆடுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு விக்கியில் என்னைப் பற்றியும் யாரோ “லெஜண்ட்”, “மாஸ்டர் மைண்ட்” என்று எழுதி வைத்திருந்தார்கள். ஓர் அணிக்கு ட்ரையல் போனபோது அந்த லிங்க்கைத்தான் அனுப்பினேன். மேனேஜர் கேட்டது ஒன்றுதான்: எந்த டோர்னமென்ட், எத்தனை அணி, எத்தனையாவது இடம்? பக்கத்தில் அது எங்குமே இல்லை. போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? கம்பம்மெட்டு அண்ணாவுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பாசத்தோடு எழுதிய பக்கம் எனக்கு உதவவில்லை. யாராவது அந்த ஸ்கோர்ஷீட்டைப் போட்டு வைத்திருந்தால் உதவியிருக்கும்.

ஆனால் எண் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எண்ணும் ஏமாற்றும்.

ஐஜிஎல் என்றால் ஆட்டத்தின்போது அணியை வழிநடத்துகிறவன். அவன் வேலை ஃபினிஷ் எடுப்பது, அதாவது எதிராளிகளை வீழ்த்துவது இல்லை. ஸோன் எங்கே சுருங்கும் என்று பார்த்து, எப்போது வண்டியை எடுப்பது, எந்தக் காம்பவுண்டில் இறங்குவது, எந்தச் சண்டையை விட்டுவிட்டுப் போவது என்று சொல்வதுதான் வேலை. நான் இரண்டு ஃபினிஷோடு நிற்கிற மேட்சில் அணி முதலிடம் வந்திருக்கும். “அதிக ஃபினிஷ் எடுத்தவர்” பட்டியல் போட்டால் சப்போர்ட் ஆடுகிறவனும் ஐஜிஎல்லும் கடைசியில்தான் இருப்போம். அதனால் ரோலை எழுதுங்கள், அணி வாங்கிய இடத்தையும் எழுதுங்கள்.

கே.டி. எண்ணை (ஒருமுறை சாவதற்கு எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற விகிதம்) ப்ரொஃபைல் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எடுத்துப் போடவே போடாதீர்கள். அது பப்ளிக் மேட்ச் எண். எதிரில் கம்ப்யூட்டரே ஆடுகிற ‘பாட்’டும் இருக்கும், நேற்று இன்ஸ்டால் செய்தவனும் இருப்பான். அணிகள் பயிற்சிக்கு ஆடுகிற ஸ்கிரிம்ஸ் வேறு, டோர்னமென்ட் வேறு. எங்கே எடுத்த எண் என்று சொல்லாமல் எண் போடுவதற்குப் பதில் போடாமலே இருக்கலாம்.

“தொடர்ந்து நான்கு ஆண்டுகளாக முதலிடம்” மாதிரி வரிகளையும் பார்த்திருக்கிறேன். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலை கடைசியில் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. “தொடர்ந்து” எப்படித் தொடர்ந்தது? அந்த இடைவெளியில் ஆட்டத்தையே விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போன பசங்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தேதியோடு எழுதினால் அந்த இடைவெளியும் பக்கத்தில் தெரியும். எங்கள் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

---

பதில்: மார்த்தாண்டம் டெக்கன்

எங்கள் கபடிப் பக்கத்திலும் இதே சண்டைதான். “புயல் ரைடர்” என்ற பட்டத்தை எடுத்ததற்கு ஊரே என்னோடு பேசவில்லை. பூட்டி வைத்தது நல்லது. சூடு ஆறட்டும்.

---

பதில்: செங்கோட்டை வாசகி

கம்பம்மெட்டுத் தம்பி, உங்கள் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் இல்லாதவரைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். ஆனால் நீங்கள் எழுதியதை நீங்களே திரும்பப் படியுங்கள். “ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், நெட்வொர்க் வருகிற மேட்டில் போய் உட்கார்ந்து ஆடுகிறவன்.” உங்கள் பதிவு முழுக்க என் மனதில் நின்றது அந்த வரிதான். அவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் அதைப் பக்கத்தில் போடுங்கள். “நிகரற்ற” போட்டால் அவரும் ஆயிரம் பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த மேட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர் அவர் ஒருவர்தான். பாசம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒருவர் ஆடியதை மேட்ச் மேட்சாகத் தேடி எடுத்து எழுதி வைப்பதைவிட வேறென்ன பாசம் காட்ட முடியும்?

வாளையார்த் தம்பி சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் ரோல், போட்டி, தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

“ஒருவராகக் கருதப்படுகிறார்” பற்றி முதலிலேயே சொல்ல நினைத்து விட்டுப் போனது. நமக்கு ரொம்பப் பழக்கமான தப்பிக்கும் வழி இது. யார் கருதுகிறார்? எழுதுகிறவரும் அவருடைய நான்கு நண்பர்களும் என்றால் அது பக்கத்துக்கு வராது. யார் என்று சொல்ல முடிந்தால் சொல்லிவிடலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சிம்ப்பிள் என்ற ஆட்டக்காரரை எச்எல்டிவி என்ற செய்தித் தளம் 2018, 2021, 2022 ஆண்டுகளுக்கான சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது. அது அந்தத் தளத்தின் கணிப்பு. அவர்கள் பெயரையும் ஆண்டையும் போட்டால் அது தகவலாகிவிடும். 2024க்கு அதே தளம் டொங்க் என்ற இன்னொருவரை முதலிடத்தில் வைத்தது. ஆண்டு போடாமல் “உலகின் நம்பர் 1” என்று எழுதியவர்கள் பக்கத்தைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்திருக்கும். கமென்டேட்டர் ஒருவர் ஒளிபரப்பில் உங்கள் பையனைப் பாராட்டினாரா? அவர் பெயர், போட்டி, தேதி, அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அப்படியே போடுங்கள். பாராட்டு அவருடையது, உங்கள் விக்கியுடையது இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டில் பாடகர் பாப் டிலனை உதாரணமாக வைத்து இதையே விளக்கியிருப்பார்கள். அவர் அந்தக் காலத்தின் அடையாளம், அற்புதமான பாடலாசிரியர் என்று எழுதாதே, டைம் இதழின் நூறு பேர் பட்டியலில் வந்ததையும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அவர் பாடல்களைப் பாடியதையும் எழுது என்று. டிலனுக்கே அந்த அளவுகோல்தான்.

“முதல்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் கேமில் வெண்கலம் வாங்கினார். பெரிய விஷயம். ஆனால் அங்கே இ-ஸ்போர்ட்ஸ் செயல்விளக்கப் போட்டியாக மட்டும் இருந்தது, பதக்கப் பட்டியலில் சேராது. பதக்கக் கணக்கில் சேர்ந்தது 2023ல் ஹாங்சோவில் நடந்தபோதுதான். “ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கம்” என்று மொட்டையாக எழுதினால் யாராவது வந்து அந்த வரியை அடித்துவிடுவார்கள். “செயல்விளக்கப் போட்டியில் வெண்கலம்” என்று எழுதினால் அவர் வாங்கியது அவருக்கே இருக்கும், யாரும் தொட முடியாது.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி, பூட்டைத் திறக்குமுன் புதுப் பத்தியை இங்கே ஒருமுறை போடுங்கள், பார்ப்போம்.

---

பதில்: கொழிஞ்சாம்பாறையான்

நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. கிளப்பில் ஸ்கோர்ஷீட் கிடைத்தது. அந்த மேட்சின் ரெக்கார்டிங் அவருடைய அணிப் பையன் ஒருவரிடம் இருந்தது, உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்:

“வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அப்பாவின் கடையில் வேலை செய்கிறார். அணியில் ஸ்னைப்பர். சென்ற ஓணத்துக்குச் சித்தூர் வட்டாரக் கிளப் ஒன்று நடத்திய 16 அணிப் போட்டியில், ஆறு மேட்சில் 31 ஃபினிஷ் எடுத்தார். அந்தப் போட்டியில் தனி ஆளாக எடுத்ததில் அதுவே அதிகம். நான்காவது மேட்சில் தன் ஸ்க்வாடில் மற்ற மூவரும் போன பிறகு, கடைசி ஸோனில் இவரோடு சேர்த்து மூன்று அணிகள் மிஞ்சின. மற்ற இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதி முடிக்கும்வரை, இரண்டு பேர் ஸ்கோப்புக்குள் தெளிவாகத் தெரிந்தும் சுடாமல் பாறைக்குப் பின்னால் படுத்திருந்தார். மிஞ்சிய இருவரையும் அடுத்தடுத்த இரண்டு குண்டில் வீழ்த்தி மேட்சை எடுத்தார். ஆறு மேட்சின் முடிவில் அணிக்கு மூன்றாம் இடம். அடுத்து வந்த பொங்கலுக்குப் பொள்ளாச்சியில் ஆடிய போட்டியில் அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.”

பொள்ளாச்சிப் பசங்களிடம் காட்டினேன். “அந்தப் பாறை மேட்சா? எதிரணியில் நாங்கள்தான் இருந்தோம்” என்றார்கள். ஒருவரும் நம்பர் 1 பற்றிப் பேசவில்லை.

---

பதில்: வாளையார் ஐஜிஎல்

சுடாமல் படுத்திருந்ததை எழுதியதற்கு ஒரு சல்யூட். ஸ்னைப்பருக்கு அதுதான் கஷ்டம். ஸ்கோர்ஷீட்டில் அது வராது.

---

பதில்: செங்கோட்டை வாசகி

ரொம்ப நன்றாக வந்திருக்கிறது தம்பி. மூன்று சின்னத் திருத்தம்.

“சென்ற ஓணம்” வேண்டாம், ஆண்டைப் போடுங்கள். அடுத்த ஓணம் வந்ததும் அந்த வரி தப்பாகிவிடும். “அடுத்து வந்த பொங்கல்” என்பதற்கும் அதேதான்.

எந்த மேப், அந்த மேட்ச் எந்தத் தேதியில் நடந்தது என்பது ரெக்கார்டிங்கில் இருக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள். ஸ்கோர்ஷீட்டைப் படம் பிடித்து விக்கியிலேயே ஏற்றிவையுங்கள். அதில் போன் நம்பர்கள் எழுதியிருந்தால் மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

அப்புறம், கடையில் வேலை செய்கிறார் என்ற வரியை அவரிடம் காட்டிக் கேட்டீர்களா? அவருக்குச் சம்மதம் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூட்டைத் திறங்கள்.